தபால் வாக்கா, சாவடி வாக்கா: பிழையின் சுமை யார் தலையில்?

2016 சட்டப்பேரவைத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்குகளில் தீர்ந்தது. அ.தி.மு.க.வின் ஐ.எஸ். இன்பதுரை வென்றதாக அறிவிக்கப்பட்டார். தோற்ற தி.மு.க. வேட்பாளர் மு. அப்பாவு நீதிமன்றம் போனார். அவர் வழக்கின் மையத்தில் இருந்தவை, செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட 203 தபால் வாக்குகள். அவற்றில் வாக்காளர்கள் யாருக்கு முத்திரை இட்டார்கள் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. உடன் வைத்த உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். அவரைச் சான்றொப்பமிடத் தகுதியுள்ள கெஜட்டட் அதிகாரியாகக் கொள்ளலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி.

அந்த 203 வாக்குகளையும், இயந்திர வாக்குகளில் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ணும்படி 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணிக்கையும் நடந்தது. ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அந்தச் சட்டப்பேரவையின் ஆயுள் முடிந்து, 2021-இல் அடுத்த தேர்தலும் வந்துவிட்டது. அதில் அப்பாவு வென்று பேரவைத் தலைவரானார் என்பது வேறு கதை.

இந்த வழக்கைக் கட்சிச் சண்டையாகப் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் கண்ணில் படாமல் போகும். ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டா என்று தேர்தல் நடத்தும் அலுவலர் எடுத்த முடிவால் இரு நூறு பேரின் வாக்கு எண்ணப்படாமல் போனது. அதே ஆட்கள் சாவடிக்குப் போய்ப் பொத்தானை அழுத்தியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தபால் வாக்கா, நேரில் வாக்கா என்பதை நாம் பெரும்பாலும் வசதியின் கேள்வியாகவே பேசுகிறோம். முதியவர் வெயிலில் நிற்க வேண்டாம், வரிசை இல்லை, வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் விதிகளையும் வழக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சாவடியில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேர்தல் அமைப்பு பொறுப்பேற்கிறது. தபால் வாக்கில் அந்தச் சுமை வாக்காளர் தலைக்கு மாறுகிறது. முடிவெடுக்கும் முன் ஒவ்வொருவரும் எடைபோட வேண்டியது இதைத்தான்.

யாருக்கு இந்தத் தேர்வு இருக்கிறது?

இந்தியாவில் விரும்பியவர் எல்லாம் தபாலில் வாக்களிக்க முடியாது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 60-ஆம் பிரிவும், 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளும் யார் யாருக்கு இந்த வழி திறந்திருக்கிறது என்று வகுத்திருக்கின்றன. முதல் பொதுத் தேர்தல் காலம் தொட்டு இந்த உரிமை இராணுவத்தினர் போன்ற சேவை வாக்காளர்களுக்கு உண்டு. அவர்களுடன் வசிக்கும் மனைவிக்கும் உண்டு. பெண் அதிகாரியின் கணவருக்கு அது கிடையாது என்ற பாகுபாடு 2021 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தால்தான் நீங்கியது. தேர்தல் பணியில் இருக்கும் ஊழியர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்கள் ஆகியோரும் பட்டியலில் இருந்தார்கள்.

பெரிய மாற்றம் வந்தது 2019 அக்டோபரில். வராத வாக்காளர் என்ற புதிய வகையை விதிகளில் சேர்த்தார்கள். 80 வயது கடந்தவர்கள், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகள், அத்தியாவசியப் பணியில் இருப்பவர்கள் இதற்குள் வந்தார்கள். அந்த ஆண்டு ஜார்க்கண்ட் தேர்தலில் ஏழு தொகுதிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2020-இல் கொரோனா நோயாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். வயது வரம்பை 65-ஆகக் குறைத்தும் விதி வந்தது. எதிர்ப்பு எழுந்ததாலும் நடைமுறைச் சிக்கலாலும் பீகார் தேர்தலில் அதைச் செயல்படுத்தவில்லை.

தமிழ்நாட்டில் 2021 சட்டப்பேரவைத் தேர்தலில்தான் இது பரவலாக வீடு தேடி வந்தது. அந்த விதிகளை எதிர்த்து தி.மு.க. தொடுத்த வழக்கை 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சாவடிக்கு வர இயலாதவர்களையும் தேர்தலுக்குள் கொண்டுவரும் ஏற்பாடாகவே நீதிமன்றம் இதைப் பார்த்தது. 2024 மார்ச் 1 அன்று வந்த திருத்தம் முதியோருக்கான வயதை 85-ஆக உயர்த்தியது. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் 85 வயது கடந்த வாக்காளர்கள் 80 லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் இந்தத் தேர்வு எழுகிறது என்றால், இது சிறிய விஷயமல்ல.

ஒரு தபால் வாக்கு கடக்க வேண்டிய கதவுகள்

வீட்டிலிருந்து வாக்களிக்க விரும்பும் முதியவர் படிவம் 12-டி-யை நிரப்பித் தர வேண்டும். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்து, நிரப்பியதும் வாங்கிக்கொள்வார். மாற்றுத்திறனாளி என்றால் சான்றிதழ் நகலும் இணைக்க வேண்டும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்ற குறி விழுகிறது. இதற்குப் பிறகு மனம் மாறினாலும் சாவடியில் வாக்களிக்க முடியாது. பலருக்கும் தெரியாத விதி இது. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, வாக்குப்பதிவு நாளில் உடம்பு தேறியிருக்கிறது, பேரனோடு சாவடிக்கே போகலாம் என்று கிளம்பினால், அங்கே இயந்திரம் இருக்கும், பட்டியலில் பெயரும் இருக்கும், வாக்கு மட்டும் இருக்காது.

பிறகு ஒரு குழு வீட்டுக்கு வரும். இரண்டு தேர்தல் அலுவலர்கள், பாதுகாப்புக்குக் காவலர், படம்பிடிக்க வீடியோகிராபர். வரும் நாளை முன்னதாகச் சொல்வார்கள். வேட்பாளர்களின் முகவர்களும் உடன் வரலாம். முதல் முறை வரும்போது வாக்காளர் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் அந்தத் தேர்தலில் அவருக்கு வாக்கு இல்லை. மகள் வீட்டுக்குப் போன பாட்டியும், மருத்துவமனையில் சேர்ந்த தாத்தாவும் இப்படித்தான் வாக்கை இழக்கிறார்கள்.

குழு வந்த பின் நடப்பது சாவடி வாக்கைவிடச் சிக்கலானது. வாக்குச்சீட்டில் குறியிட வேண்டும். அதை 13-பி என்ற உள்ளுறையில் இட்டு ஒட்ட வேண்டும். 13-ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, சான்றொப்பம் பெற வேண்டும். இரண்டையும் 13-சி என்ற வெளியுறையில் இட்டு மூட வேண்டும். வீட்டில் நடக்கும் வாக்குப்பதிவில் வந்திருக்கும் அலுவலரே சான்றொப்பம் இடுவதால் இராதாபுரம் வகைப் பிழைக்கு இடம் குறைவு. எல்லையில் இருக்கும் இராணுவ வீரரோ தாமே இவற்றையெல்லாம் செய்து அனுப்ப வேண்டும்.

அவர்களுக்கு வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பும் ஏற்பாடு 2016-இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் அது முதன்முதலாகப் பயன்பட்டது. ஆனால் அது ஒருவழிப் பாதை. சீட்டு கணினி வழியே நொடியில் போகிறது. குறியிட்ட சீட்டு தபாலில்தான் திரும்ப வேண்டும். வாக்கு எண்ணும் நாள் காலை எண்ணிக்கை தொடங்குவதற்குள் அது வந்து சேராவிட்டால் கணக்கில் வராது.

எண்ணும் மேசையிலும் அதே சல்லடைதான். முதலில் வெளியுறை திறக்கப்படும். உறுதிமொழி இல்லையா, கையெழுத்து இல்லையா, சான்றொப்பம் இல்லையா, உறுதிமொழியில் உள்ள சீட்டு எண்ணும் உள்ளுறையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லையா? இவற்றில் ஒன்று தவறினாலும் உள்ளுறையைத் திறக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். எல்லாம் சரியாக இருந்து உள்ளே போனாலும், சீட்டில் இரண்டு பேருக்குக் குறி விழுந்திருந்தால், குறியே இல்லாவிட்டால், வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்து இருந்தால் அதுவும் செல்லாது.

இதில் கவனிக்க வேண்டியது, பிழை தெரியவரும் நேரம். அது எண்ணும் நாளில்தான் தெரிகிறது. திருத்த வாய்ப்பு இல்லை. யாருடைய வாக்கு, எதனால் ஒதுக்கப்பட்டது என்று அந்த வாக்காளருக்கு யாரும் எழுதிச் சொல்வதும் இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் வாக்காளரைத் தொடர்புகொண்டு சரிசெய்ய அவகாசம் தருகிறார்கள். நம் விதிகளில் அப்படி ஒரு படி இல்லை. வெற்றி வித்தியாசம் ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்ற தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல் உண்டு. அது வேட்பாளருக்கான பாதுகாப்பு, வாக்காளருக்கானது அல்ல.

சாவடியில் பிழையை யார் சுமக்கிறார்கள்?

சாவடியிலும் தொல்லைகள் உண்டு. பட்டியலில் பெயர் விடுபட்டிருக்கும், இயந்திரம் பழுதாகும், வரிசை நகராது. ஆனால் உள்ளே போன ஒருவரின் வாக்கைக் காப்பாற்ற விதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

மின்னணு இயந்திரத்தில் செல்லாத வாக்கு என்ற ஒன்றைப் போடவே முடியாது. ஒரு பொத்தானை அழுத்தியதும் அடுத்தது வேலை செய்யாது. வாக்கை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடியில் ஏழு நொடி தெரியும் சீட்டைப் பார்த்து, தாம் போட்ட சின்னம்தானா என்று உறுதி செய்துகொள்ளலாம். தவறாகத் தெரிந்தால் புகார் எழுப்பவும் விதி இருக்கிறது. பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அது பொருட்டல்ல. அடையாள அட்டை இல்லாவிட்டால் மாற்று ஆவணங்கள் உண்டு. முகவர் ஒருவர் இவர் அந்த ஆள் இல்லை என்று ஆட்சேபித்தால், அவர்தான் இரண்டு ரூபாய் கட்டி அதை நிறுவ வேண்டும்.

தம் வாக்கை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், 49-பி விதிப்படி தனியாக ஒரு வாக்குச்சீட்டுக் கேட்டு வாங்கிக் குறியிடலாம். 2018-இல் வந்த ‘சர்கார்’ படம் இந்த விதியை வீடுதோறும் கொண்டுபோனது. அந்தச் சீட்டு உடனே எண்ணப்படாது. நெருக்கமான முடிவு வந்து வழக்குக்குப் போனால்தான் அதற்கு உயிர் வரும். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே வாக்கில் தோற்றபோது அத்தகைய சீட்டுகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆக, சாவடியில் ஒரு தவறு நடந்தால் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே கேட்கலாம். கேட்பதற்கு எதிரே ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். தபால் வாக்காளருக்கு அந்த எதிர் நாற்காலி இல்லை.

வித்தியாசம் சிறிதாகும்போது இதன் எடை புரியும். 2021 தேர்தலில் தியாகராய நகர் 137 வாக்குகளிலும், மொடக்குறிச்சி 281 வாக்குகளிலும், தென்காசி 370 வாக்குகளிலும் தீர்ந்தன. தென்காசியில் தபால் வாக்குகளை மறுபடி எண்ண நீதிமன்றம் சொல்லி, 2023 ஜூலையில் எண்ணினார்கள். வெற்றியாளர் மாறவில்லை. ஆனால் தேர்தல் முடிந்து இரண்டு ஆண்டு கழித்தும் சந்தேகம் தேங்கி நின்றது தபால் உறைகளில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரகசியம்: வீட்டுக்குள் ஒன்று, ஊருக்குள் ஒன்று

இரகசிய வாக்கு என்பது வாக்காளரின் உரிமை என்று சொல்கிறோம். வரலாற்றில் அது கடமையாகவும் கொண்டுவரப்பட்டது. 1856-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும், 1872-இல் பிரிட்டனிலும் சட்டமாக வந்தபோது அதன் நோக்கம், நான் உங்களுக்குத்தான் போட்டேன் என்று ஒருவர் விரும்பினாலும் நிரூபிக்க முடியாமல் செய்வது. நிரூபிக்க முடியாத வாக்கை விலைக்கு வாங்குவதில் லாபமில்லை. மிரட்டி வாங்குவதிலும் உறுதியில்லை. சாவடியின் மறைப்பு அட்டை காப்பது இதைத்தான்.

வீட்டுக் கூடத்தில் அதே அட்டையை வைத்தாலும் சூழல் வேறு. மருமகன் பக்கத்து அறையில் இருக்கிறார். மூக்குக் கண்ணாடி இல்லாத பாட்டிக்குச் சின்னத்தைக் காட்ட மகன் எட்டிப் பார்க்கிறார். குழுவோடு வந்த முகவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் அதே தெருக்காரர். பார்வையற்றவரும் தளர்ந்தவரும் 18 வயது நிரம்பிய துணையாளரின் உதவியை நாடலாம் என்ற விதி சாவடியிலும் உண்டு. ஆனால் சாவடியில் ஒருவர் ஒரு நாளில் ஒரு வாக்காளருக்கு மட்டுமே துணையாக இருக்க முடியும்; அதைப் பதிவு செய்து உறுதிமொழியும் வாங்குவார்கள். வீட்டில் யார் துணை, யார் அதிகாரம் செலுத்துபவர் என்று பிரிப்பது கடினம். தந்தையின் ஓய்வூதியத்தை வங்கியிலிருந்து எடுத்துவரும் மகனே அவர் வாக்கையும் நிர்வகிக்க நினைப்பது நம் வீடுகளில் நடக்காததல்ல.

இந்தக் கோணத்தில் சாவடிக்கு வெற்றி என்று தோன்றும். ஆனால் கணக்கு அத்தனை எளிதல்ல. சாவடி வாக்கு குடும்பத்திடமிருந்து வாக்காளரை மறைக்கிறது. கட்சிகளிடமிருந்து தெருவை மறைப்பதில்லை. இயந்திர வாக்குகள் சாவடி வாரியாக எண்ணப்பட்டு, அப்படியே பதிவாகி வெளியாகின்றன. எந்தக் காலனி யாருக்குப் போட்டது, எந்தக் குப்பம் யாரைக் கைவிட்டது என்று அடுத்த நாளே ஒன்றியச் செயலாளர் சொல்லிவிடுவார். அதன் விலையைச் சாலை, குடிநீர், பட்டா என்று பல ரூபங்களில் சில ஊர்கள் கொடுக்கின்றன. காகிதச் சீட்டுக் காலத்தில், அச்சுறுத்தல் உள்ள தொகுதிகளில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரங்களுக்கும் அதே வசதியைத் தரும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. 2015-இல் சட்ட ஆணையம் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

தபால் வாக்குகளோ தொகுதி முழுவதற்கும் ஒன்றாகக் கலந்து எண்ணப்படுகின்றன. எந்தத் தெரு எப்படிப் போட்டது என்று யாரும் பிரிக்க முடியாது. வீட்டிலே அச்சம் இல்லாத, ஊரிலே அச்சம் உள்ள ஒரு முதியவருக்குத் தபால் வாக்கே கூடுதல் மறைவு தரும். யாரிடமிருந்து மறைய வேண்டும் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

தேர்தல் ஆணையமே மாற்றிக்கொண்ட பாடம்

தபால் வாக்கின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று, தேர்தல் பணியாளர்களுக்கான விதியை ஆணையம் மாற்றிய விதம். முன்பு பயிற்சி வகுப்பில் வாக்குச்சீட்டைப் பெற்ற ஆசிரியர், அதை எண்ணும் நாள் காலை வரை தம்மிடமே வைத்திருந்து அனுப்பலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. பழைய விதி நீடித்திருந்தால், ஊரே வாக்களித்து முடித்த பிறகும் 46 நாள் ஒரு வாக்குச்சீட்டு ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்திருக்கலாம். அந்த இடைவெளியில் யார் வந்து கேட்பார்கள், என்ன தருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 2022-இல் ஆணையம் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி மாற்றம் கேட்டது. 2023-இல் விதி திருத்தப்பட்டது. இப்போது தேர்தல் பணியாளர் வசதி மையத்திலேயே சீட்டைப் பெற்று, அங்கேயே குறியிட்டு, அங்கேயே பெட்டியில் போட வேண்டும்.

அத்தியாவசியப் பணியாளர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் வீட்டுக்குக் குழு வருவதில்லை. வாக்குப்பதிவுக்கு முன் தொடர்ந்து மூன்று நாள் திறந்திருக்கும் தபால் வாக்கு மையத்துக்கு அவர்களே போக வேண்டும். தபால் வாக்கு இப்படி மெல்ல மெல்லச் சாவடியின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. இலங்கையிலும் அரசு ஊழியர்களின் தபால் மூல வாக்களிப்பு அவர்களுடைய பணியிடத்தில், அத்தாட்சி அலுவலர் முன்னிலையில்தான் நடக்கிறது. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதற்குத் தகுதி பெற்றார்கள்.

மற்ற நாடுகளின் அனுபவமும் இதே திசையைக் காட்டுகிறது. கோர்சிகா போன்ற பகுதிகளில் நடந்த மோசடிகளுக்குப் பிறகு பிரான்ஸ் 1975-இல் தபால் வாக்கையே ஒழித்து, இன்னொருவரைப் பிரதிநிதியாக நியமிக்கும் முறைக்கு மாறியது. அமெரிக்காவில் வட கரோலினாவின் 9-ஆவது தொகுதியில் 2018-இல் 905 வாக்கில் வந்த முடிவை, வீடு வீடாகப் போய்த் தபால் வாக்குகளைச் சேகரித்த முறைகேடு வெளிப்பட்டதும் மாநிலத் தேர்தல் வாரியம் ஏற்க மறுத்து மறுதேர்தல் நடத்தியது. அதே நாட்டில் ஒரேகன் மாநிலம் 1998-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் முழுத் தபால் வாக்குக்கு மாறி, இன்று வரை அதில்தான் இருக்கிறது. 2020 பெருந்தொற்றுத் தேர்தலில் அமெரிக்க வாக்காளர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தபாலில் வாக்களித்தார்கள். திரும்பி வந்த சீட்டுகளில் ஒதுக்கப்பட்டவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தபால் வாக்கு இயல்பிலேயே கெட்டது என்று இவை சொல்லவில்லை. சீட்டு வாக்காளர் கையிலிருந்து பெட்டிக்குப் போகும் வழியில் எத்தனை கைகள் மாறுகின்றன, பிழையைத் திருத்த வழி உண்டா என்ற இரண்டைப் பொறுத்தே அது நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிறது.

தேர்வே இல்லாதவர்கள்

இந்த விவாதத்தில் பெரும் கூட்டம் ஒன்று வெளியே நிற்கிறது. திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசா இளைஞருக்கும், சென்னையில் வேலை செய்யும் தென்காசிக்காரருக்கும் தபால் வாக்கு கிடையாது. ஊருக்குப் போகப் பேருந்து ஏறுவது அல்லது வாக்கை விடுவது என்ற இரண்டுதான். வாக்குப்பதிவு நாளில் ஊதியத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு நாள் விடுமுறை ஒடிசாவுக்குப் போய்த் திரும்பப் போதாது. 72 தொகுதிகளைக் கையாளும் தொலைவு வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முயன்றது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை, திட்டம் நகரவில்லை.

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் 2011 முதல் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்களிக்க நேரில்தான் வர வேண்டும். அவர்களுக்குப் பிரதிநிதி வாக்கு தரும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, பிறகு காலாவதியானது. 2024-இல் பதிவு செய்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் ஏறத்தாழ 1.2 லட்சம், நேரில் வந்து வாக்களித்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு, அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்தவர். விசாரணைக் கைதிகளுக்கு எந்த வழியும் இல்லை. தேர்வு உள்ளவர்கள் அதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி முடிவெடுப்பது?

85 வயது கடந்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாவடிவரை போய்த் திரும்ப இயலும் என்றால் சாவடியே நல்லது. சாய்தளமும் சக்கர நாற்காலியும் தன்னார்வலரும் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் கட்டளை. முதியவர்களை வரிசையில் நிறுத்தாமல் உள்ளே விடும் வழக்கமும் உண்டு. காலை நேரத்தில் போனால் வெயிலும் இல்லை. வாக்கு செல்லாமல் போகும் பயமும் இல்லை.

படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் போன்ற சிகிச்சையில் இருப்பவர், சாவடிக்குப் போனால் உடல்நிலை மோசமாகும் என்று மருத்துவர் எச்சரித்தவர் ஆகியோர் தயங்காமல் 12-டி கொடுக்க வேண்டும். அவர்கள் ஒப்பிட வேண்டியது தபால் வாக்கையும் சாவடி வாக்கையும் அல்ல; தபால் வாக்கையும் வாக்கின்மையையும். ஐந்து நாள் அவகாசம் தேர்தல் அறிவிக்கையிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தேர்தல் தேதி தொலைக்காட்சியில் அறிவிக்கப்பட்ட நாள் வேறு, அறிவிக்கை வெளியாகும் நாள் வேறு.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். குழு வரும் இரண்டு முறையும் வீட்டில் இருப்போமா? வீட்டில் யாருடைய நிழலும் விழாமல் குறியிட முடியுமா? வாக்குப்பதிவுக்குப் பல நாள் முன்பே முடிவெடுத்துவிடச் சம்மதமா? கடைசி வாரத்தில் ஒரு வேட்பாளர் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் உறையில் மூடிய வாக்கை மாற்ற முடியாது. மூன்றுக்கும் ஆம் என்றால் வீட்டிலேயே வாக்களிக்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் சாவடிக்குப் போவதே மேல்.

தேர்தல் பணியாளருக்கு இன்னொரு வழியும் உண்டு. தம் தொகுதிக்குள்ளேயே பணி விழுந்தால், தேர்தல் பணிச் சான்றிதழ் பெற்று, பணிபுரியும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களிக்கலாம். மக்களவைத் தேர்தலில் பலருக்கும் இது கிடைக்கும். சட்டப்பேரவைத் தேர்தலில் சொந்தத் தொகுதியில் பணி தருவதில்லை என்பதால் வசதி மையம்தான் வழி. இரண்டும் இருக்கும்போது சான்றிதழைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

அரசும் ஆணையமும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. தபால் வாக்கில் கையெழுத்தோ எண்ணோ விடுபட்டிருந்தால், எண்ணும் நாளுக்கு முன்பே வெளியுறை அளவில் சரிபார்த்து, வாக்காளரை அழைத்துத் திருத்தும் ஒரு படியை விதிகளில் சேர்க்க வேண்டும். ஒதுக்கப்பட்ட வாக்குகள் எத்தனை, எந்தக் காரணத்தால் என்பதைத் தொகுதி வாரியாக வெளியிட வேண்டும். அதுவரை வாக்காளருக்குச் சொல்லக்கூடியது இதுதான்: நடக்க முடிந்தால் சாவடிக்குப் போங்கள். முடியாதென்றால் முதல் நாளே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்தையும் சான்றொப்பத்தையும் சீட்டு எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே உறையை ஒட்டுங்கள்.